பெட்ரோல் மீட்டர் தலைகீழாகக் காட்டினால் ஒயரை மாற்றிப் போடலாமா?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடமிருந்து வந்த 1991ஆம் ஆண்டு பெட்ரோல் அம்பாசிடர். தகரவேலை, பெயின்ட், புது ஒயரிங் எல்லாம் முடிந்து பட்டறையிலிருந்து வெளியே வந்த நாள் முதல் பெட்ரோல் மீட்டர் சரியில்லை. டேங்கில் ஐந்து லிட்டர்தான் இருக்கிறது, முள்ளோ முழு அளவையும் தாண்டி ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மீட்டரை மாற்றினீர்கள், அப்படியே இருந்தது. அதே கடையில் இன்னொன்று வாங்கி மாற்றினீர்கள், அதுவும் அப்படியே. எலெக்ட்ரீசியன் ‘தலைகீழாகக் காட்டுகிறது’ என்று சொல்லி, மீட்டருக்குப் பின்னால் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினார், பியூஸ் போனது. பழையபடியே போட்டுவிட்டு, மூன்றாவது மீட்டர் வாங்கி வரச் சொல்கிறார். இதற்கு நடுவே, இரவில் விளக்கு போட்டால், என்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டரின் முள்ளும் ஏறுகிறது. மூன்றாவது மீட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குற்றம் மீட்டரிலா, ஒயரிலா, டேங்கிலா, அது தெரியும்வரை வண்டியை ஓட்டலாமா என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது மீட்டர் வேண்டாம். புதுப் பொருள் பழுதாக வருவது உண்டு. இரண்டு புதுப் பொருள்கள் அச்சு அசலாக ஒரே பழுதோடு வருவது அரிது. ஆனால் அதைவிட முக்கியமாக, அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரி என் கண்ணில் பட்டது: இருபது லிட்டர் பெட்ரோல் போட்டதும் முள் கொஞ்சம் கீழே இறங்கியது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். டேங்குக்குப் போகும் ஒயர் எங்காவது பாடியில் உரசிக்கொண்டிருந்தால், எவ்வளவு பெட்ரோல் போட்டாலும் முள் அசையாது. ஒயர் அறுந்திருந்தாலும் அசையாது. பெட்ரோல் கூடியதும் முள் இறங்குகிறது என்றால், டேங்கில் மிதவை வேலை செய்கிறது, அதன் செய்தி ஒயர் வழியாக டேஷ்போர்டுவரை வந்து சேர்கிறது, மீட்டரும் அதைக் கேட்கிறது. கேட்டதைத்தான் தலைகீழாகப் புரிந்துகொள்கிறது. ஆகவே என் கணிப்பில் இது முதலில் ஒயரிங் பிழையே அல்ல, பொருந்தாத ஜோடி. டேங்க் யூனிட் ஒரு வழக்கத்தில் பேசுகிறது, மீட்டர் வேறொரு வழக்கத்தில் கேட்கிறது. அதைச் சரிசெய்யப் போன கையில்தான் ஒயரிங் பிழை உள்ளே வந்திருக்கிறது.

டேங்க் யூனிட்டுக்குள் இருப்பது மிகக் குறைவு. ஒரு மிதவை, அதன் கம்பிக் கையின் மறுமுனையில் ஒரு சிறிய உரசுநாக்கு, அந்த நாக்கு வழுக்கிப் போவதற்கு மெல்லிய மின்தடைக் கம்பியைச் சுற்றிய ஒரு பட்டை. மிதவை ஏறி இறங்க, மின்சாரம் கடக்க வேண்டிய கம்பியின் நீளம் கூடும், குறையும். மீட்டரிலிருந்து வரும் ஒயர் இதில் நுழைந்து, டேங்கின் தகரம் வழியாகப் பாடிக்குப் போய்விடுகிறது. எந்தப் பக்கம் தடை அதிகம் என்பதை மட்டும் ஆளாளுக்கு ஒரு மாதிரி வைத்துக்கொண்டார்கள். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கத்தில் காலி டேங்க் என்றால் 0 ஓம் (ஓம் என்பது தடையின் அலகு), நிரம்பினால் 90. ஜெர்மன் மீட்டர் நிறுவனமான வி.டி.ஓ.வின் வழக்கத்தில் காலிக்கு 10, நிரம்பினால் 180. கடைகளில் எல்லா வண்டிக்கும் என்று விற்கும் மீட்டர்களில் பெரும்பகுதி காலிக்கு 240, நிரம்பினால் 33 என்ற கணக்கில் வரும். பழைய ஃபோர்டு கார்களில் காலிக்கு 73, நிரம்பினால் 10. முதல் இரண்டில் பெட்ரோல் கூடக்கூடத் தடை கூடும். பின் இரண்டில் குறையும். பிரிட்டிஷ் வண்டிகளிலேயே இந்த இரண்டு வழக்கமும் இருந்திருக்கின்றன. 1950களின் காந்தமுள் மீட்டர்கள் ஒரு திசை. 1960களின் நடுவிலிருந்து ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் மீட்டர் நிறுவனம் கொண்டுவந்த, சூட்டில் வளையும் தகடு முள்ளை நகர்த்தும் வெப்பமுள் மீட்டர்கள் எதிர்த் திசை. அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வாரிசு. 2014வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் செய்தார்கள். முப்பது நாற்பது வருடம் ஓடிய வண்டியில் யார் எப்போது எந்த டேங்க் யூனிட்டை மாட்டினார்கள் என்பதை ஆண்டை வைத்துச் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் வண்டியில் நடப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். டேங்கில் இருப்பது காலிக்கு 240 காட்டும் யூனிட் என்றும், நீங்கள் வாங்கிய மீட்டர் 0 முதல் 90 வரை கேட்கும் மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து லிட்டரில் யூனிட் இருநூறு சொச்சம் ஓம் காட்டும். 90 வந்தாலே ‘நிரம்பிவிட்டது’ என்று நினைக்கும் மீட்டர், 200ஐப் பார்த்ததும் முள்ளை ஓரத்துக்குத் தள்ளிவிடும். இருபது லிட்டர் சேர்த்தால் தடை 90ஐ நெருங்கும் அல்லது சற்றுக் கீழே வரும். முள் கொஞ்சம் இறங்கும். டேங்கை வழிய வழிய நிரப்பினால் 33 ஓம். முள் மூன்றில் ஒரு பங்கில் போய் நிற்கும். நீங்கள் எழுதிய அறிகுறிகளோடு இது அப்படியே ஒத்துப்போகிறது. ஒத்துப்போவது நிரூபணம் ஆகாது, அதனால் கீழே சோதனைகளைச் சொல்கிறேன். ஆனாலும் பந்தயம் கட்டச் சொன்னால் நான் இதன்மேல்தான் கட்டுவேன்.

உங்கள் எலெக்ட்ரீசியன் ஒயரை இடம் மாற்றியதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். அம்மீட்டரில் அது சரியான வைத்தியம். வண்டி சார்ஜ் ஆகும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் போனால், பின்னால் இருக்கும் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் தீர்ந்தது. ஏனென்றால் அம்மீட்டர் மின்சாரம் எந்தப் பக்கமாகப் பாய்கிறது என்பதைக் காட்டும் கருவி. நுழைவாயிலும் வெளிவாயிலும் மாறினால் முள்ளும் மாறும். பெட்ரோல் மீட்டர் திசையைக் காட்டுவதில்லை. காந்தமுள் வகையில் உள்ளே இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று எர்த்துக்கு, அதாவது வண்டியின் பாடிக்கு, மற்றொன்று டேங்குக்கு. முள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கயிறு இழுக்கும் போட்டியின் நடுமுடிச்சுபோல, எந்தப் பக்கம் இழுவை அதிகமோ அங்கே போய் நிற்கிறது. அதன் ஒயர்களை இடம் மாற்றினால் போட்டி தலைகீழாகாது. போட்டியே நடக்காது.

ஒயரைத் தவறாகக் கொடுப்பதில் நான் ஒன்றும் குறைந்தவன் அல்லன். கோயம்புத்தூரில் பட்டறையில் வேலை பழகிய இரண்டாம் வருடம், ஒரு ஜீப்புக்கு அம்மீட்டர் மாட்டச் சொன்னார்கள். அதற்கு முந்தின வாரம்தான் வோல்ட்மீட்டர் ஒன்று மாட்டியிருந்தேன். அதே கைப்பழக்கத்தில் ஒரு ஒயரைப் பேட்டரி பக்கமும் மற்றொன்றைப் பாடியிலும் கொடுத்தேன். வோல்ட்மீட்டருக்கு அது சரி. அம்மீட்டருக்குள் தடை என்று சொல்லக்கூடிய எதுவும் கிடையாது. பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஸ்பேனரால் தொட்டதற்குச் சமம். டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்திருந்த என் கண் முன்னால் ஒயரின் மேல்தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது, பிறகுதான் புகை. மேஸ்திரி எங்கிருந்தோ வந்து பேட்டரி கிளாம்பை வெறும் கையால் பிடுங்கி எறிந்தார். திட்டு உடனே வரவில்லை. டீ குடித்து முடித்த பிறகு, ‘தம்பி, அம்மீட்டர் வழியில் நிற்கும் காவல்காரன், வோல்ட்மீட்டர் பக்கத்தில் நின்று பார்க்கிறவன். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் நிறுத்தாதே’ என்றார். அந்தக் கருகிய ஒயர்த்துண்டு பல வருடம் என் டூல்ஸ் பெட்டியில் கிடந்தது.

உங்கள் வண்டியில் பியூஸ் போனதைப் பற்றி. எந்த இரண்டு ஒயரை மாற்றினார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பியூஸ் போனதே ஒரு தடயம். சப்ளையையும் எர்த்தையும் இடம் மாற்றியிருந்தால், பல மீட்டர்களில் எர்த் டெர்மினல் வெளிக்கூட்டோடு சேர்ந்திருக்கும், கூடு தகரப் பேனலைத் தொட்டுக்கொண்டிருக்கும். அப்போது பன்னிரண்டு வோல்ட் நேராகப் பாடிக்குப் போய்ப் பியூஸ் உடனே எரியும். சப்ளையையும் டேங்க் ஒயரையும் மாற்றியிருந்தால் பெரும்பாலும் பியூஸ் போகாது. இருபத்தைந்து லிட்டரில் டேங்க் யூனிட்டின் தடை 80 ஓம் என்றால், நேராகப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்தாலும் ஓடுவது 0.15 ஆம்பியர்தான். எந்தப் பியூஸும் இதைக் கண்டுகொள்ளாது. டேங்க் நிரம்பி 33 ஓம் ஆனால் 0.36 ஆம்பியர், நாலரை வாட்டுக்குச் சற்றுக் குறைவான சூடு. 10 ஓம் வரை இறங்கும் யூனிட்டாக இருந்தால் 1.2 ஆம்பியர், பதினான்கு வாட். இந்தச் சூடு எங்கே பிறக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்: பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் தலைமுடி போன்ற கம்பியில். ஆகவே பியூஸ் எரிந்தது உங்கள் அதிர்ஷ்டம். சத்தமில்லாமல் ஓடியிருக்கக்கூடிய பிழையைவிடச் சத்தம் போட்ட பிழை மேல். பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி இந்த வட்டத்தில் 35 ஆம்பியர் பியூஸ் இருக்கும். மீட்டருக்கு அது காவலே அல்ல. மீட்டர் சப்ளை ஒயரில் தனியாக 2 ஆம்பியர் பியூஸ் ஒன்று போடச் சொல்லுங்கள். பெரிய செலவில்லாத வேலை.

டேங்குக்குள் ஆவி பொதுவாக எரிவதற்கு வேண்டியதைவிட அடர்த்தியாக இருக்கும், காற்று போதாது. அதனால்தான் இத்தனை கோடி வண்டிகளில் பெட்ரோலுக்குள் மின்சாரம் வைத்தும் ஒன்றும் ஆவதில்லை. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம்வரை கலந்தால்தான் தீப்பிடிக்கும். அந்தக் கலவை கிடைக்கும் இடம் டேங்குக்கு வெளியே: கழற்றிய யூனிட்டின் ஓட்டை அருகில், கசியும் பேக்கிங் அருகில், மூடிய டிக்கிக்குள். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஆகவே பின்வரும் சோதனைகளில் யூனிட்டை டேங்கிலிருந்து கழற்ற வேண்டியதே இல்லை. டேங்க் பக்கத்தில் ஒயரைக் கழற்றுவதும் மாட்டுவதும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகுதான். பெட்ரோல் வாடை வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் கசிவைப் பாருங்கள்.

சோதனை ஒன்று, தடையை அளப்பது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். பேட்டரி நெகட்டிவ் கழன்றிருக்கட்டும். டேங்க் யூனிட்டின் டெர்மினலிலிருந்து ஒயரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அரை ஓம் அளவில் ஏதாவது காட்டும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு முனையை டெர்மினலிலும் மறுமுனையை யூனிட்டின் உலோக வட்டத்திலும் வைத்து அளவை எழுதுங்கள். அதே அளவை இன்னொரு முறை, மறுமுனையைப் பெயின்ட் இல்லாத பாடி நட்டு ஒன்றில் வைத்து எடுங்கள். இரண்டுக்கும் ஓர் ஓமுக்குமேல் வித்தியாசம் இருந்தால் டேங்குக்கு எர்த் சரியில்லை. புதுப்பித்த வண்டிகளில் இது கிட்டத்தட்ட விதி. அழகாகப் பெயின்ட் அடித்து, புது ரப்பர் பேக்கிங் வைத்து, பளபளவென்று மாட்டுவார்கள். தகரமும் தகரமும் தொட்டுக்கொள்ளும் இடமே இருக்காது. யூனிட்டின் ஸ்குரூ ஒன்றிலிருந்து பாடிக்கு ஒரு தனிக் கறுப்பு ஒயர் கொடுத்துவிட்டால் அந்தக் கவலை ஒழிந்தது. இப்போது இருக்கும் பெட்ரோலுக்கு என்ன ஓம், பத்து லிட்டர் சேர்த்தபின் என்ன ஓம் என்ற இரண்டு எண்கள் போதும், உங்கள் யூனிட் எந்தத் திசை என்பது தெரிந்துவிடும்.

சோதனை இரண்டு, மீட்டர் எந்த வழக்கம் என்று பார்ப்பது. இதை டேஷ்போர்டு பக்கத்திலேயே செய்யலாம். மீட்டரிலிருந்து டேங்குக்குப் போகும் ஒயரை மீட்டர் முனையில் கழற்றி, அந்த ஒயரின் நுனிக்கு டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். இனி டேங்க் இந்தக் கதையிலேயே இல்லை. பேட்டரியை மாட்டிச் சாவியைப் போடுங்கள். எதுவும் மாட்டாத நிலையில் முள் காலிக்கு இறங்கினால் அந்த மீட்டர் தடை குறைந்தால் ‘நிரம்பியது’ என்று படிக்கும் வகை. முள் முழுக்கு ஏறினால் எதிர் வகை. இன்னும் திட்டமாகத் தெரிய, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 33, 100, 240 ஓம் ரெசிஸ்டர்களை ஐந்து வாட் அளவில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். 240 இல்லையென்று சொன்னால் 220ஐயும் 22ஐயும் வரிசையாக இணைத்தால் 242. ஒவ்வொன்றாக மீட்டரின் டேங்க் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்து முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பழைய மேஸ்திரிகள் டேங்க் ஒயரை நேராகப் பாடியில் தொட்டுப் பார்ப்பார்கள். காந்தமுள் மீட்டர் அதைத் தாங்கும்; வெப்பமுள் மீட்டரில் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி போய்விடலாம். ரெசிஸ்டர் இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

எந்த வகை முள் என்பதை அறிய மீட்டரைத் திறக்கவும் வேண்டாம். சாவியைப் போட்டதும் முள் துள்ளி எழுந்தால் காந்தமுள். காலைத் தூக்கம் கலைகிறவன்போல மெல்ல மெல்ல ஊர்ந்து, நிற்க வேண்டிய இடத்துக்கு வர அரை நிமிடம் எடுத்துக்கொண்டால் வெப்பமுள். இது உங்களுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. வெப்பமுள் மீட்டர்களுக்கு பேட்டரி வோல்டேஜ் நேராகப் போகக் கூடாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய தகர டப்பா ஒன்று, வோல்டேஜ் ஸ்டெபிலைசர், அதைச் சராசரி 10 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். புது ஒயரிங் போடும்போது ‘இது எதற்கு’ என்று இதைத் தூக்கி எறிவது சகஜம். அப்போது வண்டி ஓடும்போது 13.5 வோல்ட் நேராகப் போகும். சூடு வோல்டேஜின் வர்க்கமாகக் கூடும் என்பதால், கால் டேங்க் கிட்டத்தட்ட அரை டேங்காகத் தெரியும். பெட்ரோல், ஹீட் மீட்டர் இரண்டும் சேர்ந்து ஒரே அளவில் மிகையாகக் காட்டினால் முதல் சந்தேகம் இந்த டப்பாவின்மேல்; அதன் வெளிக்கூடு பாடியைத் தொட்டாக வேண்டும், தொடாவிட்டால் குறைக்காமலேயே அனுப்பிவிடும். உங்கள் வண்டியில் பழைய ஹீட் மீட்டரும் புதுப் பெட்ரோல் மீட்டரும் கலந்திருக்கின்றன. பழையது 10 வோல்ட் கேட்கும் வகையாகவும் புதியது 12 வோல்ட் கேட்கும் வகையாகவும் இருந்தால், இரண்டுக்கும் ஒரே ஒயரிலிருந்து சப்ளை கொடுப்பது தவறு.

மல்டிமீட்டரை நம்பி ஏமாறும் ஓர் இடம் உண்டு. படித்தவர்கள்தான் அதில் அதிகம் விழுகிறார்கள். டேங்க் ஒயரைக் கழற்றி அதன் நுனியில் வோல்டேஜ் பார்த்தால் 12 காட்டலாம். ‘ஐயோ, டேங்குக்கு நேராகப் பன்னிரண்டு வோல்ட் போகிறது’ என்று பதறிவிடுவார்கள். சரியாக மாட்டிய மீட்டரிலும் அப்படிக் காட்டக்கூடும். டிஜிட்டல் மல்டிமீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே எடுக்காது என்பதால் மீட்டருக்குள் இருக்கும் சுருள் அந்த வோல்டேஜைப் பெரிதாகக் குறைக்காமல் போகலாம். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் சுமை வேண்டும். டேங்க் ஒயர் கழன்ற நிலையில், டேஷ்போர்டு பக்கத்தில், அந்த டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 12 வோல்ட் 5 வாட் பல்ப் ஒன்றைப் பிடியுங்கள். பளிச்சென்று எரிந்தால் சப்ளை நேராக வருகிறது, ஒயர் மாறியிருக்கிறது. எரியாவிட்டாலோ கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மினுங்கினாலோ சுருள் வழியாகத்தான் வருகிறது, சரி. வெப்பமுள் மீட்டராக இருந்தால் ஓரிரு வினாடிக்குமேல் பல்பைப் பிடிக்க வேண்டாம்.

ஒயர் நிறத்தைப் பற்றி: லூக்காஸ் என்ற பிரிட்டிஷ் வண்டி மின்கருவி நிறுவனத்தின் வண்ண வழக்கத்தில் பச்சை என்றால் பியூஸ் வழியாக, சாவி போட்டால் வரும் சப்ளை, பச்சையில் கறுப்புக் கோடு டேங்குக்கு, பச்சையில் நீலக் கோடு ஹீட் மீட்டர் சென்சாருக்கு, முழுக் கறுப்பு எர்த். பழைய ஒயர்கட்டில் ஒரு முழம் டிக்கிப் பக்கம் மிஞ்சியிருந்தால் பாருங்கள், உதவும். புதிதாகப் போட்ட பகுதியில் நிறத்தை நம்ப வேண்டாம். கையில் எந்தச் சுருள் இருந்ததோ அந்த நிறம்தான் போயிருக்கும். ஒரே வண்டியில் பதினோரு சிவப்பு ஒயர்களை எண்ணியிருக்கிறேன்.

ஹீட் மீட்டர் தனி விஷயம், அதில் எனக்குச் சந்தேகம் குறைவு: எர்த். ஆனால் எந்த எர்த் என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஸ்விட்சின் முதல் நிலையில், பார்க்கிங் விளக்கு மட்டும் எரியும்போதே முள் ஏறுகிறதா, அல்லது ஹெட்லைட் வந்த பிறகா? முதல் நிலையிலேயே ஏறினால் டேஷ்போர்டு மீட்டர்களின் எர்த் மோசம். மீட்டருக்குள் இருக்கும் சிறு பல்புகளின் மின்சாரம் வெளியேற வழியில்லாமல் மீட்டரின் வழியைப் பங்கு கேட்கிறது. ஹெட்லைட்டில் மட்டும் ஏறினால் என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்க வேண்டிய பின்னல் பட்டையைத் தேடுங்கள். என்ஜினைப் பெயின்ட் அடித்து மாட்டும்போது இந்தப் பட்டையை மறந்துவிடுவார்கள், அல்லது பெயின்ட் மேலேயே முடுக்கிவிடுவார்கள். இதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு: வண்டியை நான்கைந்து முறை ஸ்டார்ட் செய்துவிட்டு சோக் கேபிளையோ ஆக்ஸிலரேட்டர் கேபிளையோ தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் பட்டை இல்லாமல் அந்தக் கேபிள் வழியாகத் திரும்பிப் போகிறது. எண்ணாக வேண்டுமென்றால், எல்லா விளக்கும் எரியும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் மீட்டரின் எர்த் டெர்மினலுக்கும் நடுவில் வோல்டேஜ் பாருங்கள். என்ஜின் பிளாக்குக்கும் அப்படியே. 0.2 வோல்ட்டுக்குமேல் எங்கே காட்டுகிறதோ அங்கே வேலை. சென்சாரின் மரையில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த். விளக்கு போடாத பகலிலும் முள் ஏறினால் மட்டும் மீட்டரைக் குறை சொல்லாமல் ரேடியேட்டரைப் பாருங்கள்.

இங்கிருந்து என்னால் தீர்மானமாகச் சொல்ல முடியாதது ஒன்று உண்டு: இடம் மாற்றிய அந்தச் சில நிமிடங்களில் உங்கள் மீட்டரோ டேங்க் யூனிட்டோ சேதமாகியிருக்கிறதா என்பது. தடையை அளக்கும்போது எண் நிலையில்லாமல் தாவினாலோ முடிவிலி காட்டினாலோ யூனிட்டின் கம்பி எங்கோ போயிருக்கிறது. ரெசிஸ்டர் சோதனையில் 33க்கும் 100க்கும் முள் தெளிவாக வெவ்வேறு இடத்தில் நின்றால் மீட்டர் நலம். இரண்டும் நலம், ஆனால் திசை எதிர் என்று முடிவானால், ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். நடுவில் ரெசிஸ்டர் போட்டு ஒப்பேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 240க்குப் பக்கமாக 144 ஓம் இணைத்தால் காலியில் 90 ஆகும், உண்மைதான். நிரம்பும்போது 33 என்பது 27 ஆகும். எல்லை சுருங்குகிறதே தவிரத் திசை மாறவில்லை. திசையைத் திருப்பிக் கொடுக்கும் சிறு எலெக்ட்ரானிக் பெட்டிகள் விற்கிறார்கள், வேலையும் செய்கின்றன. ஆனால் அம்பாசிடருக்கு அது தேவையில்லாத ஆடம்பரம். டேங்க் யூனிட்டின் எண்களைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போய், அதற்குப் பொருந்தும் மீட்டரைக் கேட்டு வாங்குங்கள். கையில் இருக்கும் இரண்டு மீட்டரில் ஒன்றைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்பதிலும் தவறில்லை; பொருள் பழுதில்லை, வண்டிக்குப் பொருந்தவில்லை என்று நேராகச் சொல்லுங்கள்.

அதுவரை வண்டியை ஓட்டலாம், டேங்க் ஒயரை மீட்டர் முனையில் கழற்றி டேப் சுற்றிவிட்டு. பெட்ரோல் கணக்குக்கு டேங்கை ஒருமுறை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்பா காலத்தில் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடின. அளந்த பிறகு, இருக்கும் பெட்ரோலுக்கு எத்தனை ஓம், பத்து லிட்டர் சேர்த்தபின் எத்தனை ஓம், 100 ஓம் ரெசிஸ்டரில் முள் நின்ற இடம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். எந்த மீட்டர் என்று அப்போது சொல்கிறேன்.